வலது பக்கக் கதவு

அத்தியாயம் 9

“அலமாரியில இடது பக்கம் என்னோடது.”

“சரி.”

“வலது பக்கம்…”

“தெரியும். சொல்ல வேண்டாம்.”

“இல்ல, சொல்லிடறேன். இப்பவே காலி பண்ணுன்னா எனக்குக் கை வராது. கொஞ்சம் டைம் குடு. குளிர் வரட்டும். குளிருக்கு எப்படியும் எல்லாத் துணியையும் வெளிய எடுத்துத்தானே ஆகணும். அப்ப மாத்திக்கலாம்.”

“குளிர்தானே. வரட்டும், அதுக்கென்ன.”

அன்று அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கல்யாணத்தைப் பதிவு செய்துவிட்டு வந்த மாலை அது. கையில் ஒரே ஒரு பெட்டியோடு இந்த அறையின் நடுவில் நின்றாள். பெட்டியை அவர் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். “ரெண்டு மாசத்துக்கு” என்றார்.

குளிர் வந்தது, போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. இப்போது மூன்றாவது குளிர் வாசலுக்கு வந்து நிற்கிறது. காலையில் ஜன்னல் கண்ணாடியில் மூச்சு படிந்த மாதிரி ஒரு படலம். பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது.

கடையில் எல்லோரும் அவளைப் பொம்மையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நகரத்தின் பெரிய துணிக்கடையில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடை போட்டு நிறுத்துவது அவள் வேலை. தெருவில் குளிர் தொடங்கும் முன்பே அவளுடைய பொம்மைகளுக்குக் குளிர் வந்துவிடும். உலகத்துக்கெல்லாம் பருவம் மாற்றிக் கொடுப்பவள், வீட்டில் இரண்டு வருஷமாகப் பெட்டியிலிருந்து துணி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. கணவர் நல்லவர். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் எது நின்றாலும் இவர் போன்தான் அடிக்கும். மகள், அதாவது இறந்துபோன முதல் மனைவியின் பெண், பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். மெலிந்த தேகம், ஓயாத முணுமுணுப்பு. அப்பா வைத்த பெயர் கொசு. அந்தக் கொசுவும் இவளிடம் மரியாதைக்குக் குறைவாக நடந்ததில்லை. ஆனால் அம்மா என்றோ, சித்தி என்றோ, அக்கா என்றோ ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. எதையாவது சொல்ல வேண்டுமென்றால் “இந்தாங்க” என்று தொடங்கும். அவ்வளவுதான்.

போன வாரம் மேனேஜர் கூப்பிட்டுப் பேசியதை அவள் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். கண்ணாடி மட்டும் இரண்டு மாடி உயரம். அதை முழுக்க அவள் கையில் ஒப்படைக்கத் தயார். தங்க இடமும் தருகிறார்கள். இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அவள் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். இன்று ஞாயிற்றுக்கிழமை. குளிர்த்துணி எடுக்கும் நாள். இன்றைக்கு வலது பக்கக் கதவு தனக்காகத் திறந்தால், இருப்பாள். திறக்காவிட்டால், பெட்டி ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

அவளைப் போகச் சொன்னது அந்தக் கதவு மூடியிருப்பது மட்டும் அல்ல. மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதுதான்.

போன கோடையில் ஒரு நாள், யாரும் இல்லாத நேரத்தில், அந்தக் கதவை ஒரு சாண் திறந்து பார்த்தாள். கண்ணுக்கு நேரான தட்டில் மெல்லிய பருத்தித் துணிகள். வெளிர் நீலம், வெள்ளை, சின்னப் பூப் போட்டது. கம்பளிகள் பின்னால் தள்ளி அடுக்கியிருந்தன. போனவளின் துணி, அப்படியே இருக்கிறது என்று நினைத்து மூடிவிட்டாள்.

போன வியாழக்கிழமை மறுபடி ஒரு சாண் திறந்தாள். கண்ணுக்கு நேரான தட்டில் ஸ்வெட்டர்கள். பருத்தியெல்லாம் பின்னால் போயிருந்தது. மூலையில் புது அந்துருண்டை, காகிதம் பிரித்த மணம்கூடப் போகாமல்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இறந்தவள் குளிருக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

பேய் பிசாசில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. நாள் முழுக்க உயிரில்லாத உருவங்களோடு தனியாக நிற்கிறவள் அதையெல்லாம் நம்பினால் பிழைப்பு நடக்காது. யார் செய்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர்தான். பருவம் தவறாமல் எடுத்து வைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பேயாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

காலை டீ ஆனதும் இடது பக்கத்துத் துணியை எல்லாம் எடுத்துக் கட்டிலில் கொட்டினார்கள். கொசு பூப்பந்துப் பயிற்சிக்குப் போயிருந்தது.

“மூணு குவியல்” என்றாள் அவள். “வச்சுக்கறது, குடுத்துடறது, தூக்கிப் போடறது. நடுவுல எதுவும் கிடையாது.”

“நடுவுல ஒண்ணு வேணுமே.”

“என்னது?”

“பாக்கலாம்.”

“அது குவியல் இல்லங்க. அது உங்க குணம்.”

அவர் சிரித்துக்கொண்டே ஒரு மஞ்சள் சட்டையைத் தூக்கி மார்பில் வைத்துப் பார்த்தார். “இது வச்சுக்கறது.”

“பட்டன் போட்டுக் காட்டுங்க.”

மூச்சை உள்ளே இழுத்துப் போட்டுக் காட்டினார்.

“உக்காருங்க.”

“இந்தச் சட்டையில நான் உக்கார மாட்டேன்.”

“லிஃப்டுல இத்தன பேருக்கு மேல ஏறக் கூடாதுன்னு போர்டு வைக்கறீங்கல்ல? சட்டையிலயும் ஒண்ணு தச்சு வைக்கணும்.”

சட்டை நாலாவதாக ஒரு குவியலுக்குப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் கட்டிலில் பெரிய குவியல் அதுதான். முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர், ஜோடி தொலைந்த காலுறை, எந்தக் கல்யாணத்துக்கோ வாங்கிப் போடாத கால்சட்டை. அவள் கண்டும் காணாததுமாக இருந்தாள். அந்த ஒரு மணி நேரம் அந்த அறையில் எல்லாம் சாதாரணமாக இருந்தது. அதனால்தான் கேட்கத் தைரியம் வந்தது.

“அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் என்ன, இன்னொரு டீ.”

“வலது பக்கம்?”

அவர் ஒற்றைக் காலுறையை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“அதை நீதானே பாத்துக்கற. நீ சொல்றபடி பண்ணிக்கலாம்.”

அவளுக்குப் புரியவில்லை. “நான் என்னத்தப் பாத்துக்கறேன்?”

“இல்லம்மா, நான் குத்தமா சொல்லல. எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன், அவ்வளவுதான். போன குளிருக்கே கவனிச்சேன். கம்பளியெல்லாம் முன்னாடி எடுத்து வச்சு, பருத்தியெல்லாம் பின்னால தள்ளி, அந்துருண்டை போட்டு… அவ பண்ற மாதிரியே. எனக்கே கை வரல. நீ பண்ணிருக்கே. வேற யாரு பண்ணுவா இதையெல்லாம்? வாய் விட்டுச் சொன்னா நீ சங்கடப்படுவியோன்னு விட்டுட்டேன்.”

அவள் கையிலிருந்த ஹேங்கரைக் கட்டிலில் வைத்தாள்.

“என்னங்க, அந்தக் கதவ நான் தொறந்ததே ரெண்டு தடவதான். அதுவும் ஒரு சாண்.”

“ம்?”

“நான் எதையும் தொடல. நீங்க பண்றீங்கன்னு நெனச்சேன்.”

“நானா?”

“அவங்க என்னைக்காவது வருவாங்கங்கற மாதிரி, குளிருக்குக் குளிரு எடுத்து வைக்கறீங்கன்னு. அதனாலதான் நானும் இடம் கேக்கல.”

“நீ இவ்வளவு பக்குவமா பாத்துக்கறதை, காலி பண்ணிடலாம்னு நான் எப்படிச் சொல்றதுன்னுதான் நானும்…”

வாக்கியம் முடியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் அலமாரியைப் பார்த்தார்கள். இரண்டு வருஷம் ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்து, தொடாமல் காத்த கதவு. சாவி அதிலேயே தொங்கியது. சாவிக்குக் கட்டிய சிவப்பு நாடா லேசாக ஆடியது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

“நான் இல்ல. நீயும் இல்ல” என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. “அப்ப?”

பத்து மாடி ஆழமுள்ள லிஃப்டின் இருட்டுப் பொந்தில் கயிற்றைப் பிடித்து இறங்குகிற மனிதர். அந்த நாடாவைப் பிடிக்கக் கை நீட்டிவிட்டு, பாதியில் நிறுத்தினார். அவள்தான் சாவியைத் திருப்பினாள். இந்த முறை ஒரு சாண் அல்ல. முழுக்கத் திறந்தாள்.

உள்ளே ஒருத்தி முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

அவர் பின்னால் நகர்ந்து ‘பாக்கலாம்’ குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தது. இந்த வீட்டில் இவள் காதுபட யாரும் சொல்லியிராத பெயர். கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

ஆனால் அவள் கை, தொழில் பழகிய கை, அதற்குள் போய்த் தோளைத் தொட்டுவிட்டது. சரசரவென்று காகிதச் சத்தம் கேட்டது.

“கோட்டுங்க” என்றாள். “வெறும் கோட்டு. பயப்படாதீங்க.”

செங்கல் நிறத்தில் முழங்கால் வரை நீண்ட கம்பளிக் கோட்டு. மற்ற துணிகளை ஒதுக்கி, நடுவில், முதுகு வெளியே தெரியும்படி தொங்கவிட்டிருந்தது. தோளிலும் முதுகிலும் காகிதம் திணித்து உருவம் கொடுத்திருந்தது. கைகள் இரண்டையும் பைக்குள் நுழைத்திருந்தது, குளிரில் நடக்கிறவர்கள் நுழைத்துக்கொள்கிற மாதிரி. வலது தோள் மட்டும் சற்று இறங்கியிருந்தது.

“தோள் சமமா இல்ல” என்றாள் தன்னையறியாமல்.

“அவ அப்படித்தான் இருப்பா.” அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். “பை மாட்டி மாட்டி அந்தப் பக்கம் இறங்கிடுச்சு. நான் கிண்டல் பண்ணுவேன்.”

அப்படியானால் தவறு இல்லை. தெரிந்தே இறக்கியிருக்கிறார்கள்.

அவள் குனிந்து கோட்டின் கையைப் பார்த்தாள். கை பையை விட்டு நழுவாமல் இருக்க உள்பக்கமாக ஒரு குண்டூசி. வெளியில் தலை தெரியாமல், தையலோடு தையலாக ஓட்டியிருந்தது. தோளில் திணித்த காகிதத்தை விரலால் கொஞ்சம் வெளியே இழுத்தாள். கசக்கித் திணித்த காகிதம் இல்லை. கயிறு மாதிரி முறுக்கி, சுருள் சுருளாக வைத்தது. அப்படி வைத்தால்தான் தோள் உருண்டு நிற்கும், ஒரு பக்கமாகச் சரியாது.

கடையில் அதைப் போல முறுக்குகிறவர் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை. அவள் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததும் இல்லை. பொம்மைகளுக்குப் பின்னால் ஒரு முக்காலி உண்டு. மழை நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பெண் அதில் வந்து உட்காரும். காதில் பாட்டு, கையில் போன். நிமிர்ந்தே பார்க்காது. தன்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் குனிந்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

“கொசு” என்றாள்.

“என்ன?”

“கொசுதாங்க பண்ணிருக்கு. எல்லாத்தையும்.”

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. எடுத்தார். எழுந்தார். ஏதோ ஒரு மருத்துவமனைக் கட்டடம், இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு அம்மா அழுகிறாராம். கருவிப் பையைத் தோளில் மாட்டியவர் அறை வாசலில் நின்றார்.

“நான் வர்ற வரைக்கும்…”

“எதையும் தொட மாட்டேன்.”

“அதச் சொல்லல.” அவர் பார்வை கட்டிலுக்கு அடியில் போய்விட்டு வந்தது. “நீ இருப்பேல்ல?”

“லிஃப்டுக்குள்ள ஆளு அழுவுது. போங்க.”

படியில் அவர் இறங்கும் சத்தம் தேய்ந்தது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிறவர் வீட்டுக்கு லிஃப்ட் இல்லாத கட்டடம்தான் வாய்த்திருந்தது. வேறு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

மேனேஜரிடமிருந்து செய்தி வந்திருந்தது. *என்ன முடிவு பண்ணீங்க?* போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அறையில் அவளும் கோட்டும் மட்டும்.

தினமும் எத்தனை உருவங்களுக்கு முதுகு சரிசெய்கிறாள். எதுவும் அவளை இப்படிப் பார்க்காமல் இருந்ததில்லை. பொம்மைகள் தெருவைப் பார்க்கும், அது அவற்றின் வேலை. இது எங்கோ போகும் வழியில் நின்ற முதுகு. கூப்பிட்டால் திரும்பிவிடும் போல இருந்தது. இறந்தவளை இரண்டு வருஷமாக மனதுக்குள் ‘வலது பக்கத்துக்காரி’ என்றுதான் சொல்லி வந்தாள். கோபத்தில் வைத்த பெயர். இப்போது அந்த இறங்கிய தோளைப் பார்த்ததும் அந்தப் பெயர் ஒட்டவில்லை. பை மாட்டி மாட்டித் தேய்ந்த ஒரு பெண். அவ்வளவுதான்.

கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா என்று கேட்கலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. இரண்டு ஹேங்கருக்கு இடம் போதும். வாய் வரவில்லை. கோட்டிடம்கூடக் கேட்க முடியாத ஒன்றை மனிதர்களிடம் எப்படிக் கேட்பது?

வாசல் கதவு திறந்தது. காலணியை உதறும் சத்தம். பூப்பந்து மட்டை சுவரில் சாய்ந்து, வழுக்கி விழுந்தது. வழக்கமாக அதை எடுத்து நிறுத்திவிட்டுத்தான் உள்ளே வரும். இன்று எடுக்கவில்லை. அறை வாசலிலேயே நின்றுவிட்டது. வியர்வையில் ஒட்டிய முடி, முகத்தில் ஒரு துளி ரத்தம் இல்லை.

“யாரு தொறந்தது?”

“நாங்க ரெண்டு பேரும்.”

“அப்பா பாத்தாரா?”

“ம்.”

“அழுதாரா?”

“போன் வந்துடுச்சு.”

“அதானே.” கொசுவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்பா, வேறு எதுவுமா தெரியவில்லை. “அவருக்கு எப்பவும் கரெக்டா வந்துடும்.”

ஆறுதல் சொன்னால் பொய்யாக இருக்கும். அதட்டுவதற்கு உரிமை இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

“வலது கையில ஊசி நல்லா மறைச்சிருக்கே. இடது பக்கம் தலை தெரியுது.”

கொசு நிமிர்ந்து பார்த்தது. அடி வாங்கத் தயாரானவர் தலையைத் தடவினால் விழிக்கிற மாதிரி விழித்தது.

“வெளிச்சம் பத்தல” என்றது மெதுவாக. “ரொம்ப நேரம் தொறந்து வைக்கவும் முடியாது. நீங்க கடையிலேருந்து வந்துடுவீங்க.”

“துணியெல்லாம் மாத்தறதும் நீதானா?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடிலேருந்து. அம்மா அப்படித்தான் பண்ணுவாங்க. குளிர் வந்தா இது முன்னால, அது பின்னால. நான் அந்துருண்டை எடுத்துக் குடுப்பேன்.” சுவரில் சாய்ந்துகொண்டது. “பண்ணாம விட்டா அவங்க இறந்த அந்த ஒரு கோடையிலயே நின்னுடுவாங்கன்னு தோணுச்சு. லூசுத்தனம்தான். தெரியும்.”

“லூசுத்தனம்னு நான் சொல்லல.”

“நீங்க எதுவுமே சொல்ல மாட்டீங்க.”

அது குற்றச்சாட்டா என்று அவள் யோசித்தாள். ஆமாம் என்றுதான் தோன்றியது.

“இந்தக் காகிதமெல்லாம்?”

“அது இந்த வாரம்தான். நேத்து.”

“ஏன் முதுகு? யாரா இருந்தாலும் முன்பக்கத்தைத்தானே காட்டுவாங்க. கடையில நான்கூட…”

“முகம் போட்டோல இருக்கு.” கொசு சட்டென்று சொன்னது. பல நாள் தனக்குள்ளேயே பேசிப் பார்த்த வேகம். “ஹால்ல ஒண்ணு இருக்கு, அப்பா போன்ல நெறைய இருக்கு. சிரிக்கறாங்க, சாப்பிடறாங்க, என்னைத் தூக்கி வச்சிருக்காங்க. முதுகு மட்டும் எதுலயும் இல்ல. எல்லாத்தையும் தேடிட்டேன். யாருமே அம்மாவைப் பின்னாலேருந்து எடுக்கல.”

“ம்.”

“எனக்கு அதான் நல்லாத் தெரியும். தெனமும் ஸ்கூல் கேட்டுல விட்டுட்டு பஸ்ஸுக்குப் போவாங்க. நான் கேட்டுலயே நின்னு பாப்பேன். குளிர் நாள்ல இந்தக் கோட்டு. கை ரெண்டும் பைக்குள்ள. சாவிக் கடை முனை வந்ததும் ஒரு தடவ திரும்பிப் பாப்பாங்க. கையெல்லாம் ஆட்ட மாட்டாங்க. பாத்துட்டுப் போயிடுவாங்க. அதைப் பாத்துட்டுத்தான் நான் கிளாஸுக்குப் போவேன்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ யாரையோ கூப்பிட்டார்கள்.

“இப்ப வர மாட்டேங்குது” என்றது கொசு. “கண்ணை மூடினா தெரு வருது. சாவிக் கடை வருது. கோட்டு நடந்து போகுது. உள்ள ஆளு இல்ல. வெறும் கோட்டு மட்டும் போய், முனையில நிக்குது. திரும்ப மாட்டேங்குது. ராத்திரியெல்லாம் இல்ல, பட்டப்பகல்ல, கிளாஸ் நடக்கும்போது வருது. அதான் காகிதம் வச்சுப் பாத்தேன். நிக்கும்போது சரியாத்தான் இருக்கு. நடக்க மாட்டேங்குதே.”

அவள் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றாள். தொடவில்லை. தொடும் தூரத்தில் நின்றாள்.

“நாலு வருஷமா இல்லாம, இந்த வாரம் ஏன் காகிதம்?”

கொசு கட்டிலுக்கு அடியில் விரலைக் காட்டியது.

“பெட்டியை வெளிய எடுத்துத் துடைச்சிருக்கீங்க. சக்கரத்துக்கு எண்ணெய் விட்டிருக்கீங்க. வீடு பெருக்கும்போது இழுத்தேன், சத்தமே வரல. முன்னெல்லாம் கீச் கீச்சுன்னு கத்தும்.”

அவளுக்கு முகம் சுட்டது.

“அப்புறம், பாத்ரூம்ல குழாயைத் தொறந்து விட்டுட்டுப் பேசினா வெளிய கேக்காதுன்னு யாரு சொன்னது உங்களுக்கு? நல்லாக் கேக்கும். புது ஊரு, ரெண்டு மாடிக் கண்ணாடி. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“அவருக்கு எதுதான் தெரியும்? லிஃப்ட் நின்னா போவாரு.”

“நான் இன்னும் பதில் சொல்லல.”

“சொல்லுவீங்க. நல்ல கண்ணாடி. நான்னா போயிடுவேன்.”

சொல்லிவிட்டுக் கொசு அலமாரிக்குப் போனது. இடது கைக் குண்டூசியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டது. பொம்மையக்கா செய்கிற மாதிரியே, உதட்டோரத்தில். தோளிலிருந்து காகிதச் சுருள்களை ஒவ்வொன்றாக உருவியது. உருவ உருவ, உள்ளே நின்றிருந்தவள் மெலிந்தாள், தளர்ந்தாள், வெறும் துணியானாள். கடைசிச் சுருளை எடுத்தபோது இறங்கிய தோளும் போயிற்று. கோட்டை ஹேங்கரோடு எடுத்து, ஹேங்கரை நீக்கி, ‘பாக்கலாம்’ குவியலின் மேல் போட்டது. ஊசிகளை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தது.

கோட்டு இருந்த இடத்தில் கம்பி காலியாகத் தெரிந்தது. இரண்டு ஹேங்கர் என்ன, நாலு மாட்டலாம். இதைத்தானே கேட்க நினைத்தாள். இப்போது அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

கொசு கோட்டை மறுபடி எடுத்து, தோள்களை இரண்டு கையாலும் பிடித்து, உள்பக்கம் தெரிய விரித்தது. கடையில் வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்ட விரிப்பார்களே, அப்படி.

“இந்தாங்க.”

அவள் புரியாமல் பார்த்தாள். பிறகு புரிந்தது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பயந்தது இதற்குத்தான். இன்னொருத்தி விட்டுப்போன துணிக்குள் நிற்கிற உருவமாகிவிடுவோமோ என்று.

“ஒண்ணு கேக்கணும் உங்ககிட்ட” என்றது கொசு. “ரொம்ப நாளாக் கேக்கணும். கேட்டா அழுவீங்களோ, கோச்சுக்குவீங்களோன்னு கேக்கல. வேற யார்கிட்டயும் கேக்க முடியாது. எனக்குத் தெரிஞ்சு அம்மா உயரத்துல நீங்கதான் இருக்கீங்க.”

“கேளு.”

“இதைப் போட்டுக்கிட்டு, நம்ம தெரு முனை வரைக்கும் நடக்கறீங்களா? நான் கீழ கேட்டுல நின்னு பாக்கறேன்.”

கவிழ்த்து வைத்த போன் கட்டிலில் ஒருமுறை அதிர்ந்தது. அடங்கியது.

“அவங்க மாதிரி நடக்க வேண்டாம்” என்றது கொசு அவசரமாக. “தோளெல்லாம் இறக்க வேண்டாம். நீங்க எப்படி நடப்பீங்களோ அப்படி நடங்க. முனை வந்ததும் ஒரு தடவ திரும்பிப் பாருங்க, போதும். நீங்கதான் திரும்புவீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்.”

கோட்டை இன்னும் விரித்துப் பிடித்தபடியே, அவள் முகத்தைப் பார்க்காமல், கோட்டின் திறந்த கையின் இருட்டைப் பார்த்துக்கொண்டு, கடைசியாக அதைச் சொன்னது.

“பாத்துட்டு அப்படியே போயிடாதீங்க. திரும்பி வந்துடுங்க.”